கண்ணாடியைத் துடைத்த வேட்பாளர்

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் தேர்தல் அது. காஜா பெராங் பகுதியில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கேட்டு வந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வக்கீலாக இருந்து மாஜிஸ்திரேட் ஆனவர்; இப்போது அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கிறார். லைசன்ஸ் இல்லையென்று என் தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்யச் சொன்னவரும் அவர்தான். ஒல்லியான, நெட்டையான மனிதர். தீர்ப்புச் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார். கூண்டில் நின்று அதைப் பார்த்தவள் நான்.

“லைசன்ஸ் கேட்டு எவ்ளோ அலைஞ்சாலும் குடுக்க மாட்டேங்குறாங்க ஐயா. அந்தச் சட்டத்த மாத்துவீங்களா?” என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

மற்ற வேட்பாளர்கள் “கண்டிப்பா மாத்திடுவோம்மா” என்று சொல்லி, வடையையும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். இவரோ, “தள்ளுவண்டி கூடாதுங்குற கடைக்காரங்க பக்கத்தையும் கேக்கணும்மா. விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்,” என்றார். ஓட்டுக் கேட்க வந்தவர் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் வந்தார். வந்துபோனவர்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னையறியாமல் எழுந்து கைகட்டி நின்றேன்.

“ரெண்டு பக்கமும் கேட்டேன். உங்க பக்கம்தான் நியாயம். மாத்தணும்,” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா நிக்கிறீங்க? உக்காருங்க. இந்தத் தடவ தீர்ப்பு நீங்கதான் சொல்லணும்.”