யன்னலில் தொங்கும் பொன்னாடை

ரொறொன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டுத் தொகுதியின் பொது அறையில், யன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பொன்னாடை தொங்கியது. மேடையில் தோளில் போர்த்திப் படம் எடுத்துவிட்டு, அலுமாரியில் மடித்து வைக்கிற சாமான் அது. அக்கா அதைக் கம்பியில் கொழுவி, மத்தியானம் நித்திரைகொள்ளும் பிள்ளைகளுக்கு வெயில்மறைப்பாக்கியிருந்தாள். பார்த்தவர்கள் முகம் சுழித்தார்கள். சுழிக்கட்டும் என்றுதான் தொங்கவிட்டாள்.

தொண்ணூறுகளில் அக்காவின் பெயர் மெல்ல மெல்ல வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. கலியாண வீடு, பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்று இசைக்குழுவோடு பாடித் திரிந்தவளைப் பெரிய மண்டபக்காரரும் தேடினார்கள். ஆனால் சனிக்கிழமைப் பகல் அவளுக்கு வேறு வேலை. தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பொது அறையில் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மேடையில் பாடப்போகும் பாட்டைப் பிள்ளைகளை நித்திரையாக்கப் பாடுவாள். அதுதான் அவளுடைய பயிற்சி. தொண்டை கட்டப்போகிறது என்று அம்மா சுடுதண்ணீர்ப் போத்தலோடு பின்னால் திரிவார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு வேலையும் முட்டிக்கொண்டன. இந்தியாவிலிருந்து பாடகர் வரும் பெரிய விழாவில் அக்கா முதல்தடவையாகத் தனியே பாட வேண்டும். அதே பின்னேரம், பொது அறையைப் பூட்டிச் சாமான் வைக்கப்போவதாகச் சொன்ன நிர்வாகத்தோடு கூட்டம். எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாதாட அவளை விட்டால் ஆளில்லை. அக்கா பதறவில்லை. ஆறு மணி விழா என்றால் எட்டுக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றுவார்கள் என்பது ரொறொன்ரோவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நானும் அந்தத் துணிவில்தான் காரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அன்றைக்கென்று பிரதம விருந்தினராக ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதியைக் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றுவிட்டார். எங்கள் சரித்திரத்திலேயே முதல்தடவையாக ஒரு தமிழ் விழா ஆறு மணிக்கே தொடங்கியது.

அறையை மீட்டுக்கொண்டு நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்காவின் இடத்தில் வேறொருத்தி பாடி முடித்திருந்தாள். சேலைக்கு மேலே குளிர்க்கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாக அக்கா நின்றாள். நிர்வாகக் கூட்டத்திலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் அப்படியே கூட வந்திருந்தார்கள். விழாத் தலைவர் எங்களுக்குத் தெரிந்த அங்கிள்தான். மேடையோரத்தில் மறித்தார்.

"தங்கச்சி, உமக்குப் பாட்டோ, உந்தப் பிள்ளை பாக்கிற வேலையோ? ஒண்டை விடும். இப்ப பொன்னாடை போத்திவிடுறம், படத்தை எடுத்துப்போட்டு இறங்கும்."

"ஒண்டையும் விடமாட்டன், அங்கிள்."

மேடையில் ஏறினாள். போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். அவள் இறங்கவில்லை. மைக்கைப் பிடித்து, வாத்தியம் இல்லாமலே தன் பாட்டைத் தொடங்கினாள். அங்கிள் கைகாட்ட மைக் நின்றுபோனது. அக்கா நிற்கவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டே நித்திரைகொண்ட பிள்ளைகள் பின்னாலிருந்து கூடப் பாடினார்கள், தாய்மார் கைதட்டித் தாளம் போட்டார்கள். முன்வரிசை முறைத்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொன்னாடை யன்னலுக்குப் போய்விட்டது. அங்கிளின் மேடைகளுக்கு அதன்பிறகு அவளைக் கூப்பிடவில்லை. வீடுகளில் கூப்பிட்டார்கள். கொண்டாட்டத்துக்கு நாள் வைக்கும்போதே, "சனி பகல் வேண்டாம், பின்னேரம் வையுங்கோ, பாட்டுக்காரப் பிள்ளை வந்து பாடட்டும்" என்று சொல்கிற அளவுக்கு வந்தது.

இப்போது அக்கா பக்கத்து ஊரான விட்பியில் இருக்கிறாள். பாட்டையும் விடவில்லை, அதே பொது அறையின் சனிக்கிழமைகளையும் விடவில்லை. பொன்னாடையின் சரிகை கறுத்து, நடுப்பகுதியை வெயில் தின்றுவிட்டது. அண்மையில் புதுத் திரை ஒன்று வாங்கிக்கொண்டு போய், பழையதைக் கழற்றக் கை வைத்தேன். அக்கா பாட்டை நிறுத்தாமல் கண்ணாலேயே அதட்டினாள். பிள்ளைகள் கண்ணயர்ந்தபிறகு, பாயின் ஓரத்தில் படுத்திருந்த சின்னவன் ஒருவனைக் காட்டினாள்.

"உவன் அந்த அங்கிளின்ரை பேரன். பின்னேரம் கூட்டிக்கொண்டு போக அவர்தான் வாறவர். உது உதிலேயே கிடக்கட்டும், வந்து பாக்கட்டும்."