டெல்ஃபினாவின் பேட்டரி ஒயர்

டெல்ஃபினாவின் சந்தேகத்துக்குத் தப்பியவர் ஃப்ரெஸ்னோ ஊரில் யாரும் இல்லை. தக்காளி நிறுப்பவன் தராசில் விரல் வைக்கிறானா என்று குனிந்து பார்ப்பாள். பூசையில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தால், பாதி ஜெபத்தை விழுங்கிவிட்டார் என்பாள். இப்போது மாட்டிக்கொண்டவன் கார்களுக்குப் புகைப் பரிசோதனை செய்யும் கடை வைத்திருக்கும் ஆர்மீனியன் ஹ்ராண்ட்.

"பரிசோதனைக்கு கார் இன்னும் தயாரா இல்லம்மா," என்றான் மூன்றாவது தடவையாக.

"ஓட்டிக்கிட்டுதானே வந்தேன்? இன்னும் என்ன, லிப்ஸ்டிக் பூசணுமா?"

"காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் காரைத் தானே சோதிச்சுப் பார்க்கும்மா. ராத்திரி ஆறின எஞ்சினோட கிளம்பி, நெடுஞ்சாலைல ஒரே வேகத்துல போய், கொஞ்சம் நின்னு, இப்படி நாலஞ்சு நாள் ஓடினாத்தான் ஒவ்வொண்ணா 'சரி'ன்னு எழுதி வைக்கும். உங்க கார்ல ஒரு எழுத்துகூட இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "கோளாறை மறைக்கத்தான் ஆளுங்க அதோட நினைவை அழிப்பாங்க. நீங்க எதை மறைக்கிறீங்க?"

"நானா? என்னைத் திரும்பத் திரும்ப வரவழைக்கிறது நீ!"

இருவரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஹ்ராண்ட் பானெட்டைத் திறந்தான். உள்ளே எல்லாம் புழுதி. பேட்டரி ஒயரின் நட்டு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"இதைத் தினம் கழட்டுறது யாரு?"

"நான்தான். இல்லேன்னா லாலோ காரை எடுத்துட்டுப் போயிடுவானே!"

லாலோ, செத்துப்போன கணவனின் தம்பி. அவள் வீட்டுப் பின்பக்க அறையில் தனியாக இருக்கிறான். போன வருடம் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய், பம்பரைக் கீறிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் ஸ்பேனரோடு வந்து ஒயரைக் கழற்றுவாள், காலையில் மாட்டுவாள்.

ஹ்ராண்ட் தலையில் கை வைத்தான். "ஒயரைக் கழட்டினா அது எழுதினதெல்லாம் அழிஞ்சுபோகும்மா. தினம் நீங்களே அழிச்சுட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே!"

அவள் விரல் விட்டு நாள் எண்ணினாள். காரின் பதிவு முடிய ஆறு நாள்தான் இருந்தது. அதற்குள் பரிசோதனையில் தேறாவிட்டால் காரைத் தெருவில் எடுக்க முடியாது. பக்கத்து ஊர் செல்மாவில் அவள் வேலை பார்க்கும், திராட்சை உலர்த்தி அடைக்கும் கொட்டகைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் கிடையாது. வேலை போய்விடும்.

வேறு வழியில்லாமல் ஒயரை விட்டுவைத்தாள். ஆனால் ஓடிய மைல் கணக்கைத் தினமும் ராத்திரி ஓர் அட்டையில் குறித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் ஒப்பிட்டால் ஒரு மைல்கூட ஏறியிருக்காது. நான்காம் நாள் அவளுக்கே எரிச்சல் வந்தது. லாலோ இவ்வளவு ஒழுங்காக இருக்கிறான் என்றால் இதிலும் ஏதோ சூது இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் கார் தேறியது. அன்று சாயங்காலமே ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தாள். பானெட்டில் கை வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது. லாலோ ஒரு தட்டு நிறைய, சோளமாவைப் பொதிந்து அவித்த தமாலே வைத்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்குத்தான் அண்ணி, நானே செஞ்சேன். ஒரு வாரமா நீங்க பானெட்டைத் திறக்கலை. கவனிச்சேன்." அவன் கண் கலங்கியது. "என் பொண்ணுக்கு போன் பண்ணி, அண்ணி என்னை மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டா."

டெல்ஃபினாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ரவிக்கைக்குள் அட்டை குத்தியது. ஸ்பேனரை ஏப்ரனுக்குள் செருகிவிட்டுத் தட்டை வாங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நீயே காரை ஓட்டு," என்றாள். பிறகு, மனசு கேட்காமல், "நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன்," என்றாள்.