துரையின் பூட்ஸ்

சிராங்கூன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பிரான்ஸ் சண்டையில் குண்டு வெடித்து இறந்த, பதக்கங்கள் வாங்கிய வெள்ளைக்காரக் கேப்டன் துரைக்கு இன்று நினைவு ஊர்வலம். கப்பலுக்குக் காத்திருக்கும் நானும் வேடிக்கை பார்க்க நிற்கிறேன். துரையின் குதிரை ஆளில்லாமல் வருகிறது. சேணத்தின் இருபுறமும் அவருடைய பூட்ஸைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இறந்த வீரருக்கு வெள்ளைக்காரர்கள் செய்யும் மரியாதையாம்.

“அதுக்குப் பாலிஷ் போட்டவரு எங்க வீட்டுக்காரரு,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பெண். துரை தன் குதிரைக்காரரான அவரையும் சண்டைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

“அவர் எங்கேம்மா?”

“அதே குண்டுல போயிட்டாருன்னு திரும்பி வந்த சிப்பாய் சொல்றாரு. பட்டாள ஆபீசுல கேட்டா சேதி வரலங்கிறாங்க. பூட்ஸ் மட்டும் கப்பலேறி வந்திருக்கு பாருங்க.”

அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது. கழற்றுவதா வேண்டாமா என்று சொல்ல இந்த ஊரில் ஒரு அதிகாரிக்கும் வாய் வரவில்லை.

போலீஸ்காரர் பிரம்பை நீட்டி எல்லோரையும் தலைகுனியச் சொல்கிறார். நானும் தொப்பியைக் கழற்றுகிறேன். அவள் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறாள்.

“துரை செத்த சேதி உங்களுக்கு வந்திருக்கு, குனியுறீங்க,” என்கிறாள் அவரிடம். “எங்க வீட்டுக்காரரு சேதி வரட்டும், அப்ப நான் குனியுறேன்.”

தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொள்கிறேன்.