கார்பெட் ரூமுக்கு ஸ்கர்ட்டிங் அடித்தபோது

1. போனில் வந்த வீட்டுக்காரர்

லப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டு வேலையை ஆரம்பித்த அன்று, பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே வீட்டுக்காரர் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்துவிட்டார். பெயர் நிஜாம். அவருடைய மனைவி பானு போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, சுவத்துக்கு நீங்க என்ன கலர் வேணா அடிங்க. கீழ மட்டும் பாத்து. ஒரு சொட்டு கார்பெட்ல பட்டாலும் மறைக்காம சொல்லிருங்க. நான் கோவப்பட மாட்டேன். பிச்சுப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிரலாம். ஆளு ரெடியா இருக்காரு."

கோபப்படுகிற வீட்டுக்காரரைச் சமாளித்துவிடலாம். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு சொட்டு எப்போது விழும் என்று காத்திருப்பவர் போலத்தான் எனக்குப் பட்டது.

என் பெயர் மல்லிகா. ஊர் அரியலூர் பக்கம். ரெட்டிபாளையத்தில் கட்டட வேலையில் சுண்ணாம்பு கரைக்கும் சித்தாளாக ஆரம்பித்து, பிறகு பிரஷ் பிடித்தேன். என் வீட்டுக்காரர் கொளஞ்சியும் பெயிண்டர். அவர் மேலே, நான் கீழே. சீலிங்கும் சுவரும் அவருக்கு. ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடுகிற பலகை, எனக்கு. அவருக்குக் கழுத்து போயிற்று, எனக்கு முட்டி போயிற்று. குடும்பம் நன்றாகத்தான் நடக்கிறது.

அந்த வீட்டில் ஒரே ஒரு அறையில் மட்டும் சுவரோடு சுவராகப் பச்சைக் கார்பெட். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் எந்தப் புண்ணியவான் இதைப் போட்டான் என்று கொளஞ்சி முணுமுணுத்தார். போட்டது நிஜாமின் அத்தா, அதாவது அப்பா. சவுதியில் ஓட்டல்களுக்குக் கார்பெட் விரிக்கும் வேலையில் இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு சுருளைக் கொண்டுவந்து தன் கையாலேயே விரித்து, சுற்றிலும் மரப்பலகை அடித்து, கதவோரத்தில் கார்பெட் முடியும் இடத்தில் ஒரு அலுமினியப் பட்டியை ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறார். அவர் காலமாகிவிட்டார். அவர் போட்ட ஓரம் இன்னும் நூல் பிடித்தது போல இருந்தது.

2. மைமூனம்மா கேட்டது

நிஜாமின் அம்மா மைமூனம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. நான் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, கீழ வேல செய்யுறவ நீதானா?"

"ஆமாங்கம்மா. மல்லிகா."

"ரூம் பூரா மூடிறாத. ஓரத்துல மட்டும் போடு. நடுவுல நான் தொழுவணும்."

"ரெண்டு நாளைக்கு ஹால்ல தொழுதுக்கக் கூடாதாங்க?"

"அங்கன்னா யாராச்சும் புடிச்சுத் திருப்பி நிறுத்தணும். பானு ஸ்கூலுக்கு வேலைக்குப் போயிடும். இந்த ரூம்ல நான் யாரையும் கூப்புட வேணாம்."

எப்படி என்று செய்து காட்டினார். கதவோரத்துப் பட்டியின் மேல் இரண்டு குதிகாலையும் வைத்து நிமிர்ந்து நின்றார். முகம் நேராக மேற்கே, தொழுகைத் திசையில் இருந்தது. அப்படியே இரண்டு எட்டு நடந்து அறையின் நடுவுக்குப் போனார்.

"கார்பெட்டு நூலு ஒரே பக்கமா சாஞ்சிருக்கும். பாதத்துக்குத் தெரியும். அவுங்க போட்டது, கோணல் கெடையாது. இதப் பிச்சு வழவழன்னு டைல்ஸ் போட்டுட்டான்னா, நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்னு எனக்கே தெரியாது. நான் தடுக்கி வுழுந்துருவேன்னு அவனுக்குப் பயம். பெத்த புள்ளைக்குப் பயம் இருக்கத்தான செய்யும்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் ஷீட்டை ஓரத்து அளவுக்கு மடித்தேன். ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மனுஷி தன் வீட்டுக்குள்ளேயே திசை தெரியாமல் நிற்பார். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ சொட்டு சிந்தியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன். ஒரு சொட்டுக்கு இவ்வளவு கனம் இருந்து பார்த்ததில்லை.

3. கைக்கும் ஓரத்துக்கும்

பெயிண்ட் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கேட்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். அவசரமில்லாதவர்கள் படியுங்கள்.

காலையில் முதலில் தேங்காய் எண்ணெய். விரலிடுக்கு, மணிக்கட்டு வரை தேய்த்து ஊறவிட வேண்டும். பிறகு குளியல் சோப்பை நகத்தால் சுரண்டி, நகத்துக்குள் சோப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். எனாமல் உள்ளே போக இடம் இருக்காது. அதற்கு மேல் ரப்பர் கையுறை. தின்னரால் கை கழுவாதீர்கள். என் வலது கைத் தோல் உரிந்து, ரேஷன் கடை மிஷின் என் கட்டைவிரலை யாரோ எவரோ என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் நான் திருந்தினேன்.

கார்பெட் ஓரம் தனிச் சங்கதி. அதற்கு அடியில் சுவரை ஒட்டி மெல்லிய மரப்பட்டி இருக்கும், கிரிப்பர் என்பார்கள். ஆணி முனைகள் மேலே பார்த்து நின்று கார்பெட்டைக் கவ்விப் பிடிக்கும். தெரியாமல் விரலை நுழைத்தால் உங்களையும் கவ்வும். அகலமான டேப்பை ஓரத்தில் ஒட்டி, சுவருக்குப் பட்டி மாவு பூசும் பிளேடால் அதைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும், விரலால் அல்ல. அதன் மேல் ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட். பிரஷ்ஷில் பெயிண்ட் கொஞ்சமாகத் தொட்டு, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, மேலிருந்து கீழாக இல்லாமல் நீளவாக்கில் இழுக்க வேண்டும். பெயிண்ட் முழுதும் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும்.

4. வரப்பு

இரண்டாம் நாள் காலையில் நிஜாம் மறுபடியும் போனில் வந்தார். அந்த அலுமினியப் பட்டியில் வெள்ளை பட்டால் அசிங்கமாக இருக்கும், கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள் என்றார். சரியான யோசனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஸ்குரூவை எல்லாம் கழற்றி, பட்டியை அலமாரி மேல் வைத்தேன். மதியத் தொழுகைக்குள் கதவோரம் அடித்து, திரும்ப மாட்டிவிடலாம் என்று எண்ணம். கொளஞ்சி மாடியில் சீலிங்குக்குப் போய்விட்டார்.

கதவோரத்தை முடித்துவிட்டு, அது காயட்டும் என்று வடக்குச் சுவருக்கு வந்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தப் படுக்கைதான். காது கார்பெட்டில் பதிந்திருக்கும். அந்த அறைக்குள் எந்தச் சத்தமும் முழுதாக வராது. தெருவில் போகும் வண்டி, சமையலறையில் விழும் தட்டு, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலத்தான். பச்சைத் திரை வழியாக வந்த வெயிலில் என் கைகூடப் பச்சையாகத் தெரிந்தது. கண்ணுக்கு நேரே கார்பெட் ஒரு வயல் மாதிரி பரந்து கிடக்க, ஓரத்தில் நான் அடித்த பலகை வெள்ளை வரப்பாக நீண்டு போயிற்று.

பிரஷ் இழுக்க இழுக்க அந்த வரப்பில் நான் நடக்கத் தொடங்கிவிட்டேன். அது தூக்கமில்லை, கை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் எறும்பளவு இருந்தேன். முழங்கால் வலி இல்லை. பின்னால் யாரும் கூப்பிடவில்லை. வரப்பு முடிகிற மூலையில் யாரோ எனக்காக நிற்கிறார்கள் என்று தோன்றியது, யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. எங்கேயோ தொழுகைக்குப் பாங்கு சொல்வது காதில் விழுந்தது. அதுவும் அந்த வயலில் வீசிய காற்று என்றே நினைத்துக்கொண்டேன்.

5. நாடி

தலையைத் தூக்கியபோது மைமூனம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்திருந்தார். தலையிலிருந்து நெஞ்சு வரை மூடும் வெள்ளை மக்கனா போட்டிருந்தார், கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குதிகாலால் தரையைத் துழாவினார். பட்டி இல்லை. எங்கள் முட்டியும் காலும் பட்டு, கார்பெட் நூலும் நாலா பக்கமும் கலைந்து கிடந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. மெல்லக் குனிந்து, கதவை ஒட்டிய பலகையை வலது கை விரல்களால் தடவி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டார். நான் அப்போதுதான் அடித்த பலகை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பி, நடுவுக்கு வந்து, கைகளை உயர்த்தித் தொழுகையை ஆரம்பித்துவிட்டார். நனைந்த கையில் பெயிண்ட் ஒட்டியது அவருக்குத் தெரியவில்லை. நான்கு விரலிலும் வெள்ளை. நெஞ்சில் கட்டிய கை மக்கனாவில் பட்டது, வெள்ளையில் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. திசை மட்டும் சரியாக இருந்தது.

தொழுகிறவரிடம் பேசலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் பார்த்ததில் ஒன்று தெரியும். முதலில் குனிவார், நிமிர்வார், பிறகு இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி நெற்றியைக் கார்பெட்டில் வைப்பார். கையுறையைக் கழற்றி ஷீட் மேல் போட்டுவிட்டு, முட்டி போட்டு நகர்ந்தேன். அவர் குனிந்து நிமிர்ந்தார். அவருடைய வலது கை இறங்கப் போகிற இடத்தில், புறங்கை கீழே இருக்க, என் இடது கையை விரித்து வைத்தேன்.

அவர் கை என் உள்ளங்கையில் வந்து இறங்கியது. ஈரமும் பெயிண்டும் சேர்ந்து சில்லென்றிருந்தது. அவர் அசையவில்லை. நெற்றி தரையில் இருந்தது. அவர் ஓதுவது முணுமுணுப்பாகக் கேட்டது.

ஒரு பேப்பரை எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கொளஞ்சி பிற்பாடு கேட்டார். முதல் தடவை பேப்பர் எட்டவில்லை. அவர் எழுந்து நின்ற பிறகு எட்டி எடுத்திருக்கலாம். எனக்கு எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு முறை அவர் இறங்கும்போதும் என் கையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் பாரத்தோடு அந்தக் கை வந்து உட்கார்ந்தது. நான் என்ன சாமி கும்பிடுகிறவள் என்பதெல்லாம் அப்போது நினைப்பில் இல்லை.

முடித்து, வலப்பக்கம் திரும்பி சலாம் சொன்னார். அது நேராக என் முகத்துக்கு வந்தது. இடப்பக்கமும் சொல்லிவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகாவா?"

"ஆமாங்கம்மா."

"பெயிண்டாம்மா?"

"வெரல்ல ஒட்டிக்கிச்சுங்க. கார்பெட்ல படல."

"மொதத் தடவ வைக்கயிலேயே நெனச்சேன். என்னடா, இன்னிக்குத் தரைக்கு நாடி துடிக்குதேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். அதன் பிறகு பட்டியை எடுத்துவந்து மாட்டினேன். ஸ்குரூ இறுகும் வரை அவர் ஒரு விரலைப் பட்டியின் மேல் வைத்து நேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

6. சாயங்காலம்

பானு ஸ்கூலிலிருந்து வந்து போனைப் போட்டாள். ஓரம் முழுக்க மெல்ல நடந்து நிஜாமுக்குக் காட்டினாள். அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் படலையே. நல்லா பண்ணிருக்கீங்க அக்கா."

"அவ கையக் காட்டு," என்றார் மைமூனம்மா.

நான் கையை நீட்டினேன். அதுவரை துடைக்கவில்லை. உள்ளங்கை நிறைய, ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்த நான்கு வெள்ளை விரல்கள்.

"இது என்னக்கா?"

"ஒங்க அம்மா வெரலுங்க," என்றேன். நடந்ததை மைமூனம்மாவே சொன்னார். பட்டி எதற்கு, நூல் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னார். நெட் போய்விட்டதோ என்று பானு போனைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீ டைல்ஸ் கலரத்தானப்பா கேட்ட."

"டைல்ஸ் ஆள வர வேணாம்னு சொல்லிடுறேன்," என்றார் நிஜாம். குரல் ஒரு மாதிரி இருந்தது. மைமூனம்மா பானு நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, ராத்திரி அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கச் சொன்னார்.

7. இப்போது

அதற்குப் பிறகு பெரம்பலூரிலும் அரியலூரிலும் எத்தனையோ வீடுகள். எங்கே போனாலும் டேப்பைப் பிரிப்பதற்கு முன், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் மெதுவாக ஒரு நடை போகிறேன். கொளஞ்சி ஏணியிலிருந்து, "என்ன, சாமி வந்துடுச்சா?" என்பார். நான் நடையை நிறுத்துவதில்லை. அந்த நடையில் வீடு வேறு மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் தரை குளிரும், ஒரு இடத்தில் தேய்ந்து பள்ளமாக இருக்கும். கதவோரத்தில் சின்னதாக ஒரு மேடு பாதத்தைத் தொட்டு நிறுத்தும்.

அப்படிக் கால் நிற்கிற இடத்தில் கண்ணைத் திறந்து, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "இத வச்சு யாரு நடக்குறாங்க?" என்று கேட்கிறேன். பாதி வீடுகளில் சிரிக்கிறார்கள். மீதி வீடுகளில், உள்ளறையிலிருந்து யாராவது ஒருவர், "நான்தான்" என்கிறார்.