ஆறாத காஸ்டிக்

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருக்கிறேன். எட்டாவது வரை படித்தேன். கரைசல் கலக்குவது, புட்டி கழுவுவது, மேசை துடைப்பது என் வேலை.

அங்கே ஒரு சோதனை உண்டு. தெர்மோகோல் டம்ளரில் ஆசிட். அதே அளவு காஸ்டிக் சோடாக் கரைசலை அதில் ஊற்றி மூட வேண்டும். அடுப்பு கிடையாது. தீ கிடையாது. தெர்மாமீட்டர் தானாக ஏறும், ஆறரை டிகிரி. எத்தனை சூடு வெளியே வந்தது என்று அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

முதல் தடவை பார்த்தபோது இரண்டு புட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருந்தன. அந்தச் சூடு அதுவரை எங்கே இருந்தது? இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. வருஷா வருஷம் வேறு பிள்ளைகள், வேறு கை. ஏறுவது அதே ஆறரை.

கரைசலை முதல் நாளே கலக்கிவிடுவேன். காஸ்டிக் தண்ணீரில் கரையும்போதே சூடாகும். ஒரு நாள் ஆசிட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அதனால் எங்கள் லேபில் ஆசிட்டில் மட்டும் தெர்மாமீட்டர் வைத்து முதல் அளவைக் குறிப்பார்கள்.

அந்த வருஷம் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும். லீவு போட்டேன். தேர்வன்று காலையில் வந்துதான் காஸ்டிக் கலக்கினேன். புட்டி கைக்கு வெதுவெதுவென்று இருந்தது. ஆறிவிடும் என்று வைத்துவிட்டேன்.

அன்று பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி கருமத்தம்பட்டிக்காரி. கல்யாணமானவள். தறி ஓட்டிக்கொண்டே படித்தாள். இந்தத் தேர்வில் இரண்டு முறை தவறியவள். இதுவும் போனால் பட்டம் இல்லை.

ஈரோட்டிலிருந்து வந்த எக்ஸாமினர் அம்மா தாள்களைப் பார்த்தார். அவள் தாளில் நின்றார்.

"ஏம்மா, தெர்மாமீட்டர் பாக்கத் தெரியாதா உனக்கு? ஒம்பதரை எழுதியிருக்கே."

"பாத்ததத்தானுங்க மேடம் எழுதினேன்."

"மத்த பதினோரு பேருக்கும் ஆறரை வந்திருக்கே?"

பக்கத்து மேசைப் பெண், "அக்கா தறிச் சூட்டையும் சேத்து அளந்துட்டாங்க போல" என்றாள். சிரித்தார்கள். இவள் தலை நிமிரவில்லை. எக்ஸாமினர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த நான் துணியை வைத்தேன்.

"ஏனுங்க மேடம், தப்பு எம்மேலதானுங்க. காஸ்டிக்க இன்னிக்குக் காத்தாலதான் கலக்கிப்போட்டேன். ஆறலீங்க."

அவர் புட்டியைத் தொட்டுப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இன்னொரு தடவை செய்மா. இப்ப ரெண்டுலயும் பாரு."

அவள் தெர்மாமீட்டரைத் துடைத்து ஒவ்வொன்றிலும் வைத்தாள். ஆசிட் இருபத்தாறு. காஸ்டிக் அதற்குள் கொஞ்சம் ஆறியும் முப்பது. நடு அளவு இருபத்தெட்டு. ஊற்றினாள், மூடினாள், கலக்கினாள். நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முப்பத்து நாலரையில் நின்றது.

ஆறரை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் வந்த ஒன்பதரையில் ஆறரை சோதனையுடையது. மீதி மூன்று என்னுடையது. நான் காலையில் செய்ததை அந்தப் பாதரசம் டிகிரி பிசகாமல் எடுத்து வைத்திருக்கிறது.

எக்ஸாமினர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதே காஸ்டிக்க வெச்சு உங்களுக்கெல்லாம் எப்படி ஆறரை வந்துச்சு?"

பக்கத்து மேசைப் பெண் தன் நோட்டை மூடினாள். பழைய ரெக்கார்டு நோட்டில் இருந்ததை எழுதியிருந்தார்கள்.

"டம்ளரக் கழுவிட்டு வாங்க. எல்லாரும்."

அவள் தாளில் ஒன்பதரையை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே இரண்டாவது அளவை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவள் பாஸ். எனக்குத் துறைத்தலைவர் மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

போகும்போது அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க காத்தால கலக்குனது யாருக்குமே தெரியாதுங்களேண்ணா."

"உன்ற டம்ளருக்குத் தெரிஞ்சுபோச்சே அம்மணி" என்றேன்.

அதைக் கழுவ எடுத்தேன். இன்னும் இளஞ்சூடு இருந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.