அடுப்பில் வைத்த பித்தளைக் குப்பி

தையல் மிஷின் ரிப்பேர்காரருக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். பல்பு மாட்ட வேண்டுமென்றால்கூட மனைவியை ஸ்டூலில் ஏற்றிவிட்டு, இவர் கீழே பிடித்துக்கொள்வார். தெருவில் யாராவது குரலை உயர்த்தினால், சட்டென்று கடைக்குள் புகுந்து ஊசிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். பாவம், பிறவியே அப்படி.

ஏலம் என்றால் மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும். மூடிப்போன கிடங்கு ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒரு பெட்டி உதிரிப் பாகம் எடுத்தார். பாபின், திருகாணிகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி கிடந்தது. அடியில் ஏதோ முத்திரை. என்ன திருகியும் மூடி அசையவில்லை. இறுகிப்போனது எதுவும் சூடு காட்டினால் இளகும் என்பது அவர் தொழில் பாடம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, குப்பியைப் போட்டு அடுப்பில் வைத்தார். கொதிப்பதற்குள் பெட்டியைக் காட்டிவிட்டு வரலாமென்று எதிரே பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் வந்திருந்த ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டு, சாவகாசமாகப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் அதே முத்திரை.

"அண்ணே, இது பட்டாளத்துச் சாமான். பித்தளையில ஏதாவது இருந்தா தொடாதீங்க. எங்க மச்சானுக்கு ரெண்டு விரல் அப்படித்தான் போச்சு. சூடு பட்டாலே போதும், வெடிச்சிரும்."

குப்பி அடுப்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்த மனைவி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விழுந்தடித்து ஓடினார். முன்னறையில் அவள் கட்டில், அதைத் தாண்டி சமையலறை. பின்வாசல் கிடையாது. தண்ணீர் வற்றி, குப்பி பாத்திரத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தார். வெளியே கொண்டுபோகலாமென்றால் கட்டிலை ஒட்டித்தான் போக வேண்டும். அங்கே வெடித்துவிட்டால்? அவளை எழுப்பி வெளியே அனுப்பும்வரை இது காத்திருக்குமா? வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத சமையலறைக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார். சாகப்போகிறோம் என்றே நினைத்தார். வாய்விட்டு அழவும் பயமாக இருந்தது.

கருகல் நாற்றத்தில் அவள் எழுந்துவிட்டாள். "என்னங்க, கதவைத் திறங்க."

"இங்க ஒண்ணு வெடிக்கப்போகுது. நீ தெருவுக்குப் போ."

"நீங்க வாங்க முதல்ல."

"போடின்னா போ!"

கல்யாணமானதிலிருந்து அவர் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் போகவில்லை, கதவை இடித்தாள். கதவைப் பிடிக்கப் பாய்ந்தவரின் முழங்கை பட்டு, பாத்திரம் தரையில் விழுந்தது. அவர் கதவோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

எண்ணெய் வாசனைதான் வந்தது. கண்ணைத் திறந்தால், இளகிய மூடி தனியே கிடந்தது. அதன் உள்பக்கத்தில் மெல்லிய கரண்டி ஒன்று, நுனியில் கறுத்த எண்ணெய். நாள் முழுக்க மிஷினுக்கு எண்ணெய் விட்டுப் பிழைக்கிறவருக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கிக் கட்டைக்குள் சிப்பாய்கள் செருகி வைத்துக்கொள்ளும் எண்ணெய்க் குப்பி அது என்று, பட்டாளத்தில் இருந்த வாட்ச்மேன் ஒருவர் பிறகு உறுதியாகச் சொன்னார்.

தாழ்ப்பாளை நீக்கினார். அவள் அவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெடிக்கும்னு தெரிஞ்சா வெளிய ஓட வேண்டியதுதானே? உள்ள போய்ப் பூட்டிக்குவாங்களா?"

"கொண்டுபோற வழியில நீ படுத்திருந்தே."

அவள் எண்ணெய் சிந்திய தரையில் அவரை உட்காரவைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.