ஃபர் வியாபாரியின் விதவை

நான் சர்ச்சில் பாடப் போனதற்கு பக்தி காரணமில்லை. இசை ஆர்வமும் இல்லை. நவராத்திரிதான் காரணம்.

என் கணவர் இறந்த வருடம், இங்கே அமெரிக்காவில், எங்கள் ஊர் பிளானோவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போனேன். குங்குமத் தட்டு வந்தது. இடப்பக்கம் இருந்தவள் என் மடிக்கு மேலாகவே நீட்டி, வலப்பக்கம் இருந்தவளிடம் கொடுத்தாள். அந்த வலப்பக்கத்துக்காரிக்கு எங்கள் ஆபீசில் வேலைக்குச் சொல்லி வைத்ததே நான்தான். கிளம்பும்போது சுண்டல் மட்டும் இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்கள். காரிலேயே தின்றேன். அதற்குப் பிறகு எந்தக் கொலுவுக்கும் போகவில்லை.

ஆபீசில் ஒரு அமெரிக்கப் பெண்மணி, தங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் கீழ்க்குரலுக்குப் பெண்கள் போதவில்லை என்றாள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அது போதும் என்று போனேன்.

அவர்கள் பாடியது நானூறு வருஷத்துக்கும் மேல் பழைய லத்தீன் பூசைப் பாட்டு. நான்கைந்து குரல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வழி. ஒரு குரல் ஆரம்பித்துப் பாதி போன பிறகு அதே சொல்லை அடுத்த குரல் எடுக்கும். எனக்குப் பழக்கம் பஜனைதான். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவோம். அதனால் என் முறை வரும்போதெல்லாம் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று வாயை மூடி நின்றேன். குழுவை நடத்தியவர் ரிடையரான பள்ளிக்கூட ஆசிரியர். பாட்டை நிறுத்துவார். "யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? உங்கள் வரியை உங்களுக்கு யாரும் ஆரம்பித்துத் தரமாட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். நாள் முழுக்க மீட்டிங், பிறகு டோல்வே நெரிசலில் காரில் ஊர்ந்து வருவது, அதற்கு மேல் இந்தப் பேச்சு. அலுத்துப் போகும். ஆனாலும் வாராவாரம் போனேன். பெண் ஆஸ்டினில் காலேஜில் இருந்தாள். காலி வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

இதற்கிடையில் நாலைந்து மணி நேரத் தூரத்தில் பேர்லேண்ட் என்ற ஊரில் இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், என் கணவரின் பழைய நண்பர், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நேராகவே கேட்டார். பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். அவள் கோடை விடுமுறைக்கு வந்தாள், போனாள். நான் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் வேறு ஏதாவது பேசி ஒப்பேற்றினேன். அந்த மனிதர் அவசரப்படுத்தவும் இல்லை. அது வேறு எரிச்சல்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானக் கச்சேரி. பாடும் முன், பாட்டை எழுதியவரின் வாழ்க்கையை யாராவது சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியர். எல்லோரும் நழுவினார்கள். என் தலையில் விழுந்தது. படித்துப் பார்த்தேன். போப்பின் சொந்தப் பாட்டுக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் அவரை. பின்னால் வந்த ஒரு போப், கல்யாணமானவன் இங்கே பாடக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். பிறகு கொள்ளைநோய். தம்பி போனான், இரண்டு மகன்கள் போனார்கள், மனைவியும் போனாள். பாதிரியாராகிவிடலாம் என்று அதற்கான முதல் சடங்கைக்கூட முடித்தார். மனைவி போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஃபர் கோட்டுத் தோல் விற்ற வியாபாரியின் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். தோல் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு, பூசைப் பாட்டும் எழுதிக் குவித்தார்.

இதைத்தான் அப்படியே சொன்னேன். ஃபர் கடை வந்ததும் கூட்டம் சிரித்தது. கச்சேரிக்காக ஆஸ்டினிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெண்ணும் சிரித்தாள்.

அத்தனை பேரைப் புதைத்தவன் பாட்டில் ஒப்பாரி இருக்கும் என்று ஆரம்பத்தில் தேடியிருக்கிறேன். கிடையாது. குரல் எட்டி ஏறினால் உடனே படிப்படியாக இறங்கிவிடும். யாரும் கத்துவதில்லை. ஆண்டவரே இரக்கம் வையும் என்பதைக்கூட, கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவன் கேட்பது மாதிரிதான் கேட்கிறது. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. கோபப்படத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். அன்று மற்றக் குரல்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்க, என் இடத்தில் நானே ஆரம்பித்தேன். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர் நிறுத்தவில்லை, அதுவே போதும்.

திரும்பும்போது பெண் டாஷ்போர்டில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மா, நாட் பேட். அந்த ஃபர் லேடி ஸ்டோரி சூப்பர்."

"என்னையும் ஒருத்தர் கேட்டிருக்கார்டி."

"என்ன கேட்டாங்க?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. பேர்லேண்ட் அங்கிள்."

காலைக் கீழே இறக்கினாள். "அந்த மீசை அங்கிளா? சீரியஸ்லி?"

"மீசையை எடுத்துட்டார்."

"அப்பா போய் ரெண்டு வருஷம்தான் ஆச்சு, மா."

"அந்தப் பாட்டு எழுதின ஆளு ஒரு வருஷம்கூடக் காத்திருக்கல. அதைக் கேட்டு முன்னாடி உக்காந்து சிரிச்சே."

"தட்ஸ் டிஃபரன்ட். ஹி இஸ் டெட்."

"அப்ப நான் செத்து நானூறு வருஷம் ஆகணுமா? அப்ப சிரிப்பியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. கராஜில் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நம்ம வீட்லயா இருப்பார்?"

"இன்னும் பேசல."

"அப்பாவோட ரிக்ளைனர் சேர்ல உக்காரக் கூடாது."

"சரி."

"ஐ'ம் நாட் ஓகே வித் திஸ்."

"தெரியும்டி."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை. நான் காரிலேயே உட்கார்ந்து பேர்லேண்டுக்குப் போன் செய்தேன்.

"பாட்டு நல்லா போச்சா?" என்றார்.

"போச்சு. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"பிடிக்கலையாம். அவ அப்பா ரிக்ளைனர்ல நீங்க உக்காரக் கூடாதாம்."



"நியாயம்தான்," என்றார். "நான் வரும்போது ஒரு சேர் கொண்டு வரேன்."